இடது பக்கத்து ஆணி

இடது பக்கத்து ஆணியை நீ எப்படிக் கழற்றினாய்? மூன்று நாளாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். பௌதிகம் படிப்பிக்கிறவள் என்ற திமிரோடு நாலைந்து வழிகளைத் தாளில் வரைந்தும் பார்த்தேன். ஒன்றும் பொருந்தவில்லை. தெரியவில்லை என்று ஒப்புக்கொள்கிறேன்.

ஆணி என் மேசையில், திருத்தி முடிக்காத வினாத்தாள்களுக்கு மேல் கிடக்கிறது. சுண்டுவிரல் நீளம். ஒரு பக்கம் சரிவாக அராவியது. மரை உள்ள முனை அடி வாங்கி வாங்கிக் காளான் போல விரிந்திருக்கிறது. அதைச் சுற்றியிருந்த துணியிலிருந்து மண்ணெண்ணெயும் தையல் மெஷின் எண்ணெயும் கலந்த உன் கடை வாசனை வருகிறது. நீ போய் எட்டு மாதமாகிறது. வாசனை போகவில்லை.

நம்முடைய முதல் சைக்கிள் ஞாபகமிருக்கிறதா? பண்டாரவளையில் ஒரு பழைய பங்களாவின் கோழிக்கூட்டுக்குள் கிடந்தது. பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்த உன் தையல் மெஷின் திருத்தும் கடைக்கு, ஒரு சனிக்கிழமை, இரண்டு பேருமாகத் தள்ளிக்கொண்டு வந்தோம். நாற்பதை நெருங்கும் இரண்டு பெண்கள் துருப்பிடித்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதைக் கடைவீதி முழுவதும் நின்று பார்த்தது. பக்கத்துத் துணிக்கடை முஸ்லிம் அண்ணன், எல்லோருக்கும் நானா, "என்ன டீச்சர், ஸ்கூல் வேன் பழுதா?" என்று கேட்டார். நீ அவருக்குச் சொன்ன பதிலை எழுத மாட்டேன்.

மிதியைத் தாங்கும் கிராங்கை நடு அச்சோடு பூட்டி வைத்திருப்பது போல்ட் அல்ல, குறுக்கே இறுக்கிய ஒரு ஆப்பு ஆணி என்று அன்றுதான் நமக்குத் தெரிந்தது. கடைக்காரர்கள் அதைக் கொட்டர் பின் என்றார்கள். நாம் கடைசிவரை ஆணி என்றே சொன்னோம். நீ சுத்தியலை ஓங்கினாய். நான் கையைப் பிடித்தேன்.

"கீழ ஒன்னும் முட்டுக் குடுக்காம அடிச்சா, அடி பூரா உள்ள இருக்கிற குண்டுங்களுக்குத்தான் போகும். ஆணிக்குப் போகாது."

"அப்ப டீச்சரம்மாவே அடிங்க. நான் பக்கத்துல நின்னு கைதட்டுறேன்."

தண்ணீர்க் குழாய் ஒன்றை அளவாக அறுத்து, தரைக்கும் கிராங்குக்கும் நடுவே நிறுத்தினோம். ஆணி விழுவதற்குக் குழாயின் ஓட்டை. ஒரே அடி. குழாய்க்குள் ஆணி விழுந்து, மணி தட்டியது போல ஒரு சத்தம். நீ நிஜமாகவே கைதட்டினாய். பிறகு சோக்கட்டியை எடுத்து இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸுக்கு மேலே சுவரில் எழுதினாய்: அடிக்கிறதுக்கு முன்னாடி தாங்கு. கடையைக் காலி செய்த அன்றும் அந்த எழுத்து அங்கே இருந்தது.

இரண்டு பக்க ஆணிகளும் எதிரெதிர்த் திசையில் ஏறுபவை, ஒவ்வொன்றையும் அதனதன் பக்கத்துக்கு அராவிப் பொருத்த வேண்டும், மாற்றிப் போட்டால் மிதிகள் ஒரே கோட்டில் நிற்காது. ஆகவே நாமே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். அடிப்பக்கத்தில் அரத்தால் ஒரு கீறல் என்றால் இடது. இரண்டு கீறல் என்றால் வலது. நமக்கு மட்டும் தெரிந்த எழுத்து அது. இப்படித்தான் நினைத்திருந்தேன்.

அதற்கடுத்த வருடம் அப்பாவின் சைக்கிளைக் கழற்றத் தொடங்கினோம்.

அப்பா தேயிலைத் தோட்டத்துத் தபால்காரர். தினமும் காலையில் பசறைக்கு இறங்கி, தோட்டத்துத் தபால் பையை வாங்கிக்கொண்டு மேலே ஏறுவார். போகும்போது சைக்கிள் அவரைச் சுமந்தது, வரும்போது அவர் சைக்கிளைத் தள்ளினார். பையை மாட்டுவதற்குக் கைப்பிடியில் தானே வளைத்த இரண்டு கொக்கிகள் வைத்திருந்தார். அவர் ஓய்வு பெற்ற பிறகு தோட்டம் கொடுத்த எங்கள் லயத்து அறை தம்பியின் பெயரில் நின்றது. தோட்டத்து வேலையாள் பதிவில் பேர் இருந்தால்தான் அறை. இது தம்பிக்கும் தெரியும். தெரிந்தும், ஒரு விடியற்காலையில் யாரிடமும் சொல்லாமல் மொனராகலைக்குப் போய்விட்டான். பேர் வெட்டப்பட்டது. மூன்றாம் மாதம் அறையைத் திருப்பிக் கேட்டார்கள். அம்மா ஏற்கெனவே இல்லை. அப்பா ஒரு பெட்டியோடும் சைக்கிளோடும் பதுளையில் என் வாடகை வீட்டுக்கு வந்தார். தினமும் ஆறு மணிக்கு எழுந்து இரண்டு டயருக்கும் காற்றடிப்பார். பிறகு போக இடமில்லாமல் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். நான்காம் மாதம் செத்துப்போனார்.

எல்லாம் முடிந்த பிறகு தம்பி வந்தான். ரோட்டிலேயே நின்றான். நான் போகச் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் நீ. "விடுடி. அவன் இனி நமக்கு இல்ல," என்று சொன்னவளும் நீ. "நமக்கு" என்று சொன்னாய். அந்த ஒரு சொல்லை எத்தனையோ நாள் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அப்பாவின் சைக்கிளில் வலது ஆணி சுலபமாக வந்தது. இடது வரவில்லை. யாரோ ஒருவன் எப்போதோ தாங்காமல் அடித்து, முனையை நசுக்கி வைத்திருந்தான். நான்கு சனிக்கிழமை போனது. மண்ணெண்ணெயில் ஊறவைத்தோம். ஊது விளக்கால் கிராங்கைச் சூடாக்கினோம். குழாயை மாற்றினோம், சுத்தியலை மாற்றினோம். "ஒங்கப்பா மாதிரியே பிடிவாதம். ஒன்ன மாதிரின்னும் சொல்லலாம்," என்றாய். ஐந்தாம் வாரம் நான் ஓராண்டுப் படிப்புக்காகப் பேராதனைக்குப் போனேன். சைக்கிளை உன்னிடம் விட்டுப் போனேன்.

திரும்பி வந்தபோது உன் கடையின் மூலை காலியாக இருந்தது. நீ அழுதாய். "நீ இல்லாத நேரத்துல கழட்டி வச்சி ஆச்சரியப்படுத்தலாம்னு அடிச்சேன். கிராங்கு ஒடஞ்சி, நடுக்கூடும் வெடிச்சிருச்சி. பாக்கப் பாக்க மனசு கேக்கல. பழைய இரும்புக்காரன் கேட்டான், குடுத்துட்டேன். என்ன அடிச்சிருடி." நான் உன்னைத் தேற்றினேன். அப்பாவே இல்லை, சைக்கிள் எதற்கு என்று சொன்னேன். பழைய இரும்புக்காரன் யார் என்றுகூடக் கேட்கவில்லை. அப்போது நீ ஒரு சின்னத் துணிப் பொட்டலத்தை என் கையில் வைத்தாய். நாலு பக்கமும் மெஷினில் தைத்து மூடியிருந்தது. "வலது ஆணி. இதுதான் மிச்சம். பிரிக்காத, துரு ஏறிரும்."

பிரிக்கவில்லை. அளந்து பார்க்காமல் எதையும் நம்பாதீர்கள் என்று வருடந்தோறும் பிள்ளைகளிடம் சொல்லுகிற நான், பதினோரு வருடம் அந்தத் தையலைப் பிரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஒரு பெண் மரக்கறி லொறியில் ஒரு சைக்கிளை ஏற்றிக்கொண்டு வந்து என் வீட்டு வாசலில் இறங்கினாள். உன் கடைக்குப் போயிருக்கிறாள். பூட்டிக் கிடந்ததாம். "அவங்க மவுத்தாப் போயி எட்டு மாசமாச்சே. டீச்சர்ட வீட்டுக்குப் போங்க, சாமானெல்லாம் அங்கதான் ஈக்குது," என்று நானா வழி சொல்லி அனுப்பியிருக்கிறார். வந்தவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, இடது மிதியில் ஒவ்வொரு சுற்றுக்கும் டக் டக் என்று சத்தம் வருகிறது என்றாள். நான் கைப்பிடியைப் பார்த்தேன். இரண்டு கொக்கிகள்.

அவளும் என் முகத்தைப் பார்த்தாள். "நீங்க அண்ணிதானே?"

நாத்தனாரைக் கூப்பிடும் முறையில் அவள் என்னை அண்ணி என்றாள். தம்பிக்குக் கல்யாணமானதே எனக்குத் தெரியாது. உள்ளே வரச் சொன்னேன். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் பேசிக்கொண்டே இருந்தாள்.

"அன்னிக்குக் கடை அக்காதான் லொறியில ஏத்திக்கிட்டு வந்தாங்க. நீங்கதான் குடுத்து விட்டீங்கன்னு சொன்னாங்க. இவரு சைக்கிளப் புடிச்சிக்கிட்டு அப்படி அழுதாரு அண்ணி. ஒங்களுக்குக் கோவம் தீந்துருச்சி, ஆனா நேர்ல பாக்குறதுக்கு இன்னும் கொஞ்ச நாள் போகணும்னு நீங்க சொன்னதாச் சொன்னாங்க. அதான் நாங்களும் தொந்தரவு பண்ணல. வருசா வருசம் வந்து ஆணிய மாத்திக் குடுத்துட்டுப் போவாங்க. இந்த வருசம் வரல, போனும் எடுக்கல. அதான் நானே வந்துட்டேன்."

கரும்புத் தோட்டத்துக்குத் தம்பி தினமும் அதில்தான் போய்வருகிறான். இரண்டு பெண் பிள்ளைகள். அவர்கள் உன்னை அத்தை என்றுதான் கூப்பிடுவார்களாம். மூத்தவள் பெரியவளானபோது அத்தை முறைக்குத் தண்ணீர் ஊற்றியதும் நீதானாம். "நீங்க வர முடியாதுன்னு ஒங்க பேர்ல ஒரு தாவணியும் குடுத்தாங்க," என்றாள். நிறம்கூடச் சொன்னாள். மயில்கழுத்துப் பச்சை. நான் அந்த நிறத்தை எடுக்கவே மாட்டேன் என்று உனக்குத் தெரியும்.

சைக்கிளை விட்டுவிட்டு, சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லி அவள் கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போனாள். நான் அலுமாரியைத் திறந்து பொட்டலத்தை எடுத்தேன். தையலை பிளேடால் வெட்டினேன். உள்ளே இருந்த ஆணியில் ஒரு கீறல். இடது. முனை விரிந்து, ஆனால் முழுசாக. ஆணி முழுசாக வெளியே வந்திருந்தால் கிராங்க் உடைய வேண்டிய அவசியமில்லை. நீ சொன்ன பொய்க்கு எதிரான சாட்சியை நீயே தைத்து என் கையில் கொடுத்திருக்கிறாய். நான் கண்டுபிடிக்க வேண்டும் என்றா? பிரிக்க மாட்டேன் என்று என்னை அவ்வளவு தெரிந்து வைத்திருந்தாயா? 

மூன்று நாளாகப் பழைய நாட்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கிறேன். எதுவும் நான் வைத்த இடத்தில் இல்லை. வருடத்துக்கு ஒரு தடவை நீ கதிர்காமம் போனாய். சாமி நம்பிக்கையில்லாத என்னைப் பார்த்து, "ஒனக்கும் சேர்த்துக் கும்பிட்டு வாறேன்," என்று சிரித்துவிட்டுப் போனாய். திரும்பும்போது ஒரு பை நிறையத் தோடம்பழம். பச்சைத் தோல் ஆரஞ்சு, உள்ளே தேன். "பிபிலைத் தோடம்பழம்டி, ரோட்டோரத்துல வித்தாங்க." நான் வாசலில் உட்கார்ந்து உரித்துத் தின்றேன். தம்பியின் வீட்டு வளவில் ஆறு தோடை மரங்கள் நிற்கின்றனவாம். அவன் மனைவி போகிற போக்கில் சொன்னாள்.

கடைசியில் ஆஸ்பத்திரியில் நீ மூன்று வாரம் கிடந்தாய். நான் தினமும் பள்ளிக்கூடம் விட்டு நேரே உன் கட்டிலுக்கு வந்தேன். அரங்களுக்கு எண்ணெய் பூசச் சொன்னாய். வைஸை யாருக்கும் கொடுக்காதே என்றாய். நானாவின் மகளுக்கு மெஷின் ஊசி கடன் கொடுத்ததைக்கூட ஞாபகமாகச் சொன்னாய். ஒரு நாள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "கதிர்காமம் போற நேரம் வந்துருச்சில்ல?" என்று கேட்டாய். நான் அதைப் பக்தி என்று நினைத்தேன். நீ போன பிறகு, வாழ்நாளில் முதல் தடவையாக, உனக்காகக் கதிர்காமம் போய் ஒரு தேங்காய் உடைத்தேன். வழியில் மொனராகலையில் பஸ் கால் மணி நேரம் நின்றது. தம்பி இருக்கும் ஊர் என்று நான் இறங்கக்கூட இல்லை.

நீ நல்ல மனதோடுதான் செய்தாய் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பிரிந்த இரண்டு பேரைச் சேர்த்துவைக்க நினைத்தாய் என்று யாராவது சொன்னால் கேட்பதற்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் பதினோரு வருடத்தில் ஒரு நாளும் நீ என்னிடம் அவன் பேச்சை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நான் கத்தியிருப்பேன், உன்னோடு ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பேன், பிறகு என்னவாகியிருக்குமோ தெரியாது. அந்தத் தெரியாததை நீ எனக்கு விட்டு வைக்கவில்லை. இங்கே என் தோழியாகவும் அங்கே அந்தப் பிள்ளைகளின் அத்தையாகவும் இருந்தாய். இரண்டும் உனக்குப் பிடித்திருந்தது என்றுதான் எனக்குப் படுகிறது. தனி ஆளாக இருந்தவளுக்கு ஒரு வீடு, வாசல், கூப்பிடுவதற்கு ஒரு முறை. அது எனக்கும் புரிகிறது. நானும் தனி ஆள்தான்.

சைக்கிளைக் கொடுத்ததைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். மன்னிப்பு என்னுடையது. அதைக் கொடுப்பதும் கொடுக்காமல் வைத்துக்கொள்வதும் என் பாடு. என்னிடம் கேட்காமல், என் பெயரில், நீ எடுத்துக் கொடுத்துவிட்டாய். அவன் அதை வாங்கிக்கொண்டு பதினோரு வருடம் நிம்மதியாக மிதித்திருக்கிறான். நான் மட்டும் இங்கே கோபத்தைக் காத்துக்கொண்டிருந்தேன்.

நாளைக்கு அவள் வருவாள். சைக்கிளைத் திருத்திக் கொடுத்தால், நீ சொன்ன பொய்யில் நானும் கையெழுத்துப் போட்டது போலாகும். கொடுக்காமல் வைத்துக்கொண்டால் அப்பாவின் சைக்கிள் இந்தத் தாழ்வாரத்தில் காற்றடித்துக் காற்றடித்துச் சும்மா நிற்கும். அதை ஏற்கெனவே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். உண்மையைச் சொல்லலாம். சொன்னால் அந்த வீட்டில் என்ன உடையும் என்று எனக்குத் தெரியாது. உன் வைஸ், உன் அரம், அறுத்த குழாய் எல்லாம் என் பின்வாசலில்தான் இருக்கின்றன. எந்தச் சுத்தியலை எடுத்தாலும் என் கை முதலில் குழாயைத்தான் தேடுகிறது. உன்னிடமிருந்து வேறு எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கியெறிவது என்று இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை. இந்தப் பழக்கம் மட்டும் கையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை இவ்வளவோடு நிறுத்துகிறேன்.

சனிக்கிழமை நடந்தது இது.

காலையில் சைக்கிளைப் படுக்கவைத்து, இடது கிராங்குக்கு அடியில் குழாயை நிறுத்தினேன். ஒரே அடியில் ஆணி வந்துவிட்டது. போன வருடம் நீ போட்டது. அடியில் ஒரு கீறல். மெல்லிசாகக் கிரீஸ் பூசிப் போட்டிருந்தாய். புது ஆணியை அராவ ஒரு மணி நேரமானது. சரிவு இரண்டு தடவை பிசகி, மூன்றாவது தடவை பொருந்தியது. நானும் ஒரு கீறல் போட்டேன். மிதியைக் கையால் சுற்றினேன். சத்தம் இல்லை.

பத்தரைக்கு அவள் வந்தாள். கையில் ஒரு பை. உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன்: "சைக்கிள நான் குடுத்து விடல. எனக்குத் தெரியவே தெரியாது. கோவம் தீந்துருச்சின்னும் நான் யார்கிட்டயும் சொல்லல. அவங்களாச் சொன்னது."

அவள் கொக்கியைத் தடவினாள்.

"அவருக்கும் ஒரு சந்தேகம் இருந்திச்சி அண்ணி," என்றாள். "எங்க அக்கா மன்னிச்சிருந்தா ஒரு தடவையாச்சும் நேர்ல வந்து நல்லா ஏசிட்டுப் போயிருக்கும், இப்படிச் சத்தமில்லாம இருக்காதுன்னு சொல்லுவாரு. நான்தான் சும்மா இருங்கன்னு வாய அடைப்பேன்."

நான் விரலில் ஒட்டியிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தேன்.

"அப்ப சைக்கிள்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"கொண்டு போங்க. சத்தம் வராது இனி."

"அவருகிட்ட என்ன சொல்ல?"

"நான் சொன்னத அப்படியே சொல்லுங்க. அடுத்த வருசம் ஆணி தேயும். கொண்டு வந்தா மாத்தித் தாறேன்."

யார் கொண்டு வருவது என்று அவள் கேட்கவில்லை.  அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறக்கத்தில் போனாள். கீழே வளைவில், மதகுக் கட்டில் உட்கார்ந்திருந்த ஒரு ஆள் எழுந்து வந்து அவளிடமிருந்து கைப்பிடியை வாங்கினான். தலை நரைத்திருந்தது. குனிந்து, இடது மிதியைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிக் காதைக் கொடுத்துக் கேட்டான். அப்பாவும் அப்படித்தான் கேட்பார். அவன் மேலே பார்க்கவில்லை. நான் கூப்பிடவில்லை. இரண்டு பேரும் சைக்கிளை நடுவில் விட்டு நடந்து போனார்கள்.

உள்ளே வரும்போது பார்த்தேன், பை வாசற்படியில் இருந்தது. பச்சைத் தோல் தோடம்பழம், எட்டு. படியில் உட்கார்ந்து ஒன்றை உரித்தேன். பதினோரு வருடமாக எனக்குத் தெரிந்த அதே இனிப்பு.